முழங்கால் தைலம்

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்துவதற்கு முன்னால் கிருபாகரன் சார் தலையை மட்டும் வெளியே நீட்டி, “பாப்பா கத்துச்சுன்னா அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிடும்மா, உள்ள விசாரணை நடக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா கத்தவில்லை. எட்டு மாசக் குழந்தை தன்ஷிகா அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு அவருடைய மூக்குக்கண்ணாடியையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கத்தினால்கூடத் தேவலை என்று முருகம்மாவுக்கு இருந்தது. தனக்கும் சேர்த்து யாராவது கத்த மாட்டார்களா. மூன்று இரும்பு நாற்காலிகளை ஒன்றாக ஒட்டவைத்த பெஞ்சு, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாய், உட்கார்ந்தால் சில்லென்று தொடையில் ஏறுகிறது. விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷனில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் ஆபீசிலும் நடக்குமாம். ஆறு வருஷமாய் இவர்கள் வண்டியில் அடிபட்டவர்களுக்கு மூச்சுப் பை அமுக்கிக்கொண்டு ஓடின மனுஷனை, அவள் வீட்டுக்காரர் மாதேஷை, மூத்திரத்தில் கஞ்சா இருந்தது என்று சொல்லி நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே மூன்று பேர். மேஜை மேல் மூன்று டீ. அவருக்கு டீ இல்லை. சாயந்தரத்துக்குள் வேலை உண்டா இல்லையா என்று எழுதிவிடுவார்களாம். கதவு சாத்துகிற அந்த ஒரு நொடியில் அவள் கண்ணில் பட்டது டீயும் அதற்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பழுப்புப் பாட்டிலும்தான். பாட்டில் வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரி. பிளாஸ்திரியில் நீலப் பேனாவில் ‘முழங்கால் தைலம்’. அவள் எழுதியது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அந்தக் கோணல் எழுத்து மூன்று ஆம்பிளைகள் முன்னால் நிற்பதை நினைக்க, தன்னையே சேலை இல்லாமல் மேஜை மேல் நிறுத்தினாற்போல் இருந்தது. முந்தானையை இழுத்துப் பிள்ளையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள்.

அது முழங்கால் தைலம் இல்லை. கஞ்சா இலையில் இறக்கின தைலம்தான். ஆனால் மருந்து. பட்டம் வாங்கின சித்த டாக்டர், வாசலில் போர்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவர், நாடி பிடித்து, முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டு, சீட்டு எழுதி, சீல் குத்தி, லைசென்ஸ் உள்ள கம்பெனியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. டூட்டி முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு நாக்குக்கு அடியில் மூன்று சொட்டு. அடுத்த டூட்டிக்கு எட்டு மணி நேரமாவது இருக்கணும், இல்லாட்டி அன்னைக்கு வேணாம் என்று டாக்டர் சொன்னதை இவர் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள். பாட்டிலில் வரும்போது லேபிள் இருந்தது. மருந்தின் பேர், லைசென்ஸ் நம்பர், செய்த தேதி, எல்லாம் பொடி எழுத்தில். நடுவில் விரலை விரித்துக் காட்டினாற்போல் ஒரு இலைப்படம். அந்த இலைதான் கெடுத்தது. வீட்டு ஓனரம்மா தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தால் நேரே சமையல்கட்டு வரைக்கும் வந்துவிடுவாள், அவள் மகன் போலீசில் இருக்கிறான், கண் முதலில் போவது அலமாரிக்கு. கஞ்சா வீடு என்று ஒரு வாய் சொன்னால் போதும், தெரு முழுக்கச் சொன்ன மாதிரி. ஒரு மத்தியானம் பாட்டிலை வெந்நீரில் போட்டு, ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, லேபிளைச் சுத்தமாய் உரித்துப் போட்டாள். அவருடைய பையில் இருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி எழுதினாள். எழுதிவிட்டுச் சிரிப்புகூட வந்தது. ஓனரம்மா அதைப் படித்துவிட்டு எனக்கும் முட்டி வலி உயிர் போகுது முருகு, கொஞ்சம் ஊத்திக் குடேன் என்று கிண்ணத்தோடு வந்து நின்றபோது நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தாள். நல்லாக் கேக்குதுடி என்றாள் அந்தம்மா. அதற்கு மறுநாள்தான் அவர் வந்து பாட்டிலைக் கேட்டார். ஆபீசில் காட்டி எழுதி வைத்துவிடணும், சாப்பிடுகிற மருந்தெல்லாம் சொல்லிவிடணும் என்று ரூல் இருக்கிறது, லேபிளைப் போட்டோ பிடிக்கணும் என்றார். லேபிள் சாக்கடையோடு போய்விட்டது. அவர் திட்டியிருக்கலாம். பிளாஸ்திரியைப் படித்துவிட்டு முட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். போவட்டும், அடுத்த பாட்டில் வரட்டும், லேபிளோட காட்டிக்கலாம் என்றார். அடுத்த பாட்டில் வருவதற்குள் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் செக்யூரிட்டியை நிற்கவைத்து மூத்திரம் பிடிக்கச் சொல்லி, அதில் அட்டையை முக்கிக் கோடு பார்த்துவிட்டார்கள். சீட்டு இருக்கிறதே என்றால், சீட்டு இருக்குது, அதுல எழுதின மருந்து இந்தப் பாட்டில்ல இருக்கறதுதான்னு நாங்க எப்படி நம்பறது என்கிறார்களாம். எல்லாம் அந்தத் தேங்காய் நார். இந்தக் கை. பிள்ளையின் முதுகில் இருந்த கையை எடுத்துப் பார்த்தாள், மஞ்சள் படிந்த நகம், பிறகு திரும்ப வைத்துக்கொண்டாள்.

சுவரில் எதிரே ஒரு போஸ்டர். போதையில்லாப் பணியிடம் நமது பெருமை. ஊசி, பாட்டில், இலை, மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தக்காளி ஞாபகம் வந்தது, எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் அதுதான் வருகிறது, அவருக்கு வந்தது தொற்றிக்கொண்டதோ என்னவோ. கணவாய் இறக்கத்தில் தக்காளி லோடு லாரி ஒன்று கல்யாண வேன் மேல் சாய்ந்தது. காலை எட்டு மணி வெயில், பளிச்சென்று எல்லாம் தெரிகிற நேரம். முதலில் போன வண்டி இவருடையது. ரோடு பூராவும் தக்காளி, நசுங்கினது, நசுங்காதது, அதற்குள் ஆட்கள். எது எது என்று தெரியல முருகு, என்று ஒரே ஒரு தடவை சொன்னார், கையை விட்டு விட்டுத் தேடினேன், எது எதுன்னு தெரியல. ஒரு குழந்தையின் கொலுசு மட்டும் கிடைத்ததாம். அப்புறம் குழந்தை. அதற்கு மேல் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் ஒன்றும் அறியாமல் தக்காளி ரசம் வைத்திருந்தாள். அவர் தட்டைப் பார்த்தார், எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றையிலிருந்து ஒரு வருஷம் மூன்று மாசம் அந்த வீட்டில் தக்காளி இல்லை. சுற்று வட்டாரம் பூரா தக்காளி விளைகிற ஊரில், சந்தையில் கொட்டி மிதிபட்டுக் கிடக்கிற ஊரில், புளி ரசம், எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு, மாங்காய் கிடைத்தால் மாங்காய். என்னடி உன் புருசனுக்கு தக்காளி ஆவாதா என்று அம்மா கேட்டாள், ஆவாதும்மா என்றாள். நைட் டூட்டி முடிந்து வந்து பகலில் படுப்பார். பன்னிரண்டு மணிக்கு விலுக்கென்று எழுந்து உட்காருவார், தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம், வெயில், எல்லாம் இருக்கும், அவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் நெஞ்சில் இரண்டு விரல் வைத்து மூச்சு எண்ணுவார். நிமிஷத்துக்கு முப்பத்தி ரெண்டு, சரியாத்தான் இருக்கு என்பார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும். பிள்ளை விழித்து அழும். இதற்கெல்லாம் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்களா இந்த ஆபீசில்? இது எத்தனை நாள் உடம்பில் நிற்கிறது என்று பார்க்க ஒரு அட்டையும் கோடும் உண்டா?

கம்பெனி டாக்டரிடமும்தான் போனார். முதலில் அங்கேதான் போனார். அந்த டாக்டர் தலை நிமிராமல் தூக்க மாத்திரை எழுதினார். அந்த மாத்திரைக்கு ரூலில் இடம் இருக்கிறதாம், லிஸ்டில் பெயர் இருக்கிறதாம், அதை எத்தனை போட்டாலும் கிண்ணம் ஒன்றும் சொல்லாது. அதைப் போட்ட நாட்களில்தான் அவர் கட்டையாய்க் கிடந்தார். பிள்ளை பக்கத்தில் கத்தினாலும் தெரியாது. ஒரு நாள் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது, பெரியவர் ஒருத்தருக்கு மூச்சுப் பை அமுக்கிக்கொண்டே கண் சொக்கிக் கை நின்றுபோய், பைலட் ஜெயபால் கண்ணாடியில் பார்த்துவிட்டு டேய் மாதேசா என்று கத்தினானாம். இந்த ஆபீசில் டிரைவரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெரியவர் பிழைத்துவிட்டார். பிழைக்காமல் போயிருந்தால்? அப்போதும் கிண்ணத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. சுத்தமான மூத்திரம். அன்றோடு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் சித்த டாக்டரைத் தேடிப் போனார். போன வாரம் விசாரணைக்கு நாள் சொல்ல அழைத்தபோது கிருபாகரன் சார் அவளையும் நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டார். “உன் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போற வண்டியில கஞ்சா போட்ட ஆளு உட்கார்ந்திருந்தா நீ ஒத்துப்பியாம்மா?” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் இப்போது வருகிறது, ஆறு நாள் கழித்து, இந்தச் சில்லிட்ட பெஞ்சில். வர்றவரு முழிச்சிருக்காரான்னு பார்ப்பேன் சார். கை நடுங்காம இருக்கான்னு பார்ப்பேன். அன்னைக்குத் தூங்கினாரா, அதைக் கேப்பேன். நீங்க கேட்டீங்களா? எத்தனை சுலபமாய் வருகிறது. ஆள் இல்லாத இடத்தில் இவளைப் போலப் பேச ஆள் உண்டா?

“தங்கச்சி, டீ சாப்பிடறியா?” ஜெயபால் வந்து நின்றான். காக்கிச் சட்டை, கழுத்தில் கர்ச்சீப், கண் சிவந்து கிடந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் போகாமல் பிள்ளையின் பாதத்தைச் சுண்டினான். “பாத்தியா அநியாயத்த? நான் ஞாயித்துக்கெழம ஊத்துனது திங்கக்கெழம குழாயில ஊதுனா சைபர் காட்டுது. உன் வூட்டுக்காரன் மூணே மூணு சொட்டு, மாசக்கணக்குல உள்ளாறயே குந்திக்கினு இருக்குது. மூத்தரத்துக்கு இருக்கற ஞாபகசக்தி இந்த ஆபீசுல எவனுக்கும் இல்ல, தங்கச்சி.” அவள் மெதுவாக, கதவுக்குக் கேட்காமல், “நீங்க உள்ள போயிச் சொல்லக் கூடாதாண்ணா? மாத்திர போட்டப்ப கண்ணு சொக்குனது, இப்ப அப்படி இல்லன்னு. நீங்கதான கூடவே இருக்கீங்க” என்றாள். ஜெயபால் கழுத்துக் கர்ச்சீப்பை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். “சொல்லலாம். சொல்லிடலாம். ஆனா பேச்சோட பேச்சா என்னையும் இப்பவே ஊதுன்னு நீட்டிட்டாங்கன்னா? இன்னைக்கி வேற…” என்று இழுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். “வண்டியில டயர் காத்துப் பாக்கணும். மனச விட்டுடாத” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டான். வாசனை அங்கேயே நின்றது. அந்த ஆள் பைலட். சுத்தமான ஆள். நாளைக்கும் வண்டி ஓட்டுவான்.

கதவு மெல்லிய அலுமினியம். சத்தமாய்ப் பேசினால் கேட்கும். கிருபாகரன் சார் சத்தமாய்த்தான் பேசினார். “மருந்துன்னா லேபிளை எதுக்குய்யா கிழிக்கணும்? முழங்கால் தைலம்னு எதுக்கு ஒட்டணும்? இது யார் பண்ணது?” பிறகு அவர் குரல், மாதேஷ் குரல், அடிபட்டவர்களிடம் பேசுகிற அதே நிதானத்தில், ஒண்ணுமில்ல பெரியவரே, தோ வந்துட்டோம் என்பாரே அதே மாதிரி. “நான்தான் சார். நான்தான் கிழிச்சேன்.” ஏன் அப்படிச் சொல்கிறார். பைத்தியமா. என்னை உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள், எனக்கு நாக்கு எழாது, அழுதுவிடுவேன், அது அவருக்குத் தெரியும், அதனால் சொல்கிறார். நான் பேசமாட்டேன் என்று தெரிந்துதான் சொல்கிறார். நான் பேசாதவள் என்பதன் மேல் கால் வைத்து நின்று அவர் வேலையைத் தொலைக்கிறார். ஐந்தாம் வகுப்பில் யாரோ மைப்புட்டியைக் கவிழ்த்ததற்கு டீச்சர் கேட்டபோது யாரென்று தெரிந்தும் வாய் திறக்காமல் நின்று அடி வாங்கினாள். அந்த வருஷமே அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள நீ வீட்டிலேயே இரு என்றபோதும் வாய் திறக்கவில்லை. பிரசவ வார்டில் வலியில் ஒரு சத்தம் இல்லை, நர்ஸே வந்து, ஏம்மா உசுரோட இருக்கியா என்று கேட்டாள். பொறுமையான பொண்ணு என்று எல்லாரும் சொன்னார்கள். பொறுமையா அது? பயம். லேபிளை உரித்தது பயம். ஊர் என்ன சொல்லும் என்கிற பயத்தில் ஒரு மனுஷனின் நல்ல பெயரை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துச் சாக்கடையில் விட்டாள். அவர் என்ன திருடினாரா? செத்துக்கொண்டிருந்தவர்களைத் தேடி நசுங்கின தக்காளிக்குள் கையை விட்டார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை, ஒரு மருந்து சாப்பிட்டார், தூங்கினார். தூங்கினது குற்றமாம். போன மாசம் ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வந்தால் சமையல்கட்டில் அரிவாள்மணை முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், எங்கே வாங்கினாரோ, மூன்று தக்காளி. ஒன்றை நறுக்கிக்கொண்டிருந்தார். மெதுவாக. சாறு விரலில் வழிந்தது, துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அடுத்ததை எடுத்தார். அவள் ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு ரசம் குடித்தார். இரண்டு டம்ளர். அது எந்த லேபிளில் எழுதியிருக்கும், எந்த நம்பர்.

கதவு திறந்தது. “உள்ள வாம்மா. ஒரு கையெழுத்து.” கால் தானாக எழுந்தது. உள்ளே ஏ.சி. குளிர். மாதேஷ் அவளைப் பார்த்து, ஒன்றும் பேசாதே என்கிற மாதிரி இமையை மூடித் திறந்தார். அவள் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அது உடனே அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. மேஜையில் ஒரு தாள் தயாராய் டைப் அடித்து இருந்தது, அவள் பெயர்கூட அடித்திருந்தது, விசாரணை முடியும் முன்பே. கிருபாகரன் சார் பேனாவை நீட்டினார். “வீட்டு ஆள் ஒருத்தர் சாட்சி போடணும், அவ்ளோதான். கடைசியில போடு.”

அவள் படித்தாள். எழுத்துக் கூட்டி, உதடு அசைய. மூன்று பேரும் டீ குடித்தார்கள். ‘எனது கணவர் மேற்படி பொருளின் அடையாளச் சீட்டை (லேபிள்) அகற்றி வீட்டில் மறைத்து வைத்திருந்தார் என்பதை நான் அறிவேன்.’ மேற்படி என்றால் என்னவென்று தெரியவில்லை. மறைத்து என்றால் தெரியும்.

“இது தப்புங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “இது தப்புங்க சார். உரிச்சது அவரு இல்ல. நான்.”

“முருகு, சும்மா இரு” என்றார் மாதேஷ்.

“நீயா?” கிருபாகரன் சார் கண்ணாடியை மேலே தள்ளினார். “எதுக்கும்மா?”

“வெக்கமா இருந்துச்சு.”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “கஞ்சாவ வீட்ல வச்சிருந்தா வெக்கமாத்தான் இருக்கும்.”

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு அந்நிய ஆம்பிளையின் முகத்தை அத்தனை நேரம் அவள் பார்த்ததே இல்லை. “இப்ப வெக்கமா இல்லீங்க” என்றாள். தெரியும், அவ்வளவுதான் வரும் என்று. ஆனால் கையில் பேனா இருந்தது. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாய் இருந்தது. மேஜை ஓரத்தில், நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தாள். பாட்டிலில் ஒட்டி இருந்த பேப்பரை உரிச்சது நான். பிளாஸ்திரி ஒட்டி எழுதினது நான். அந்த எழுத்தையும் இந்த எழுத்தையும் பாருங்கள்.

“சரிம்மா, அது போதும், குறிச்சுக்கிறோம். குடு.”

அவள் கொடுக்கவில்லை. எழுத்து பெரிது பெரிதாய், கோணலாய், வரி மேடும் பள்ளமுமாய் இறங்கியது. உங்க டாக்டர் கொடுத்த மாத்திரையில் அவர் வண்டியிலேயே தூங்கினார். இதில் தூங்கவில்லை. வீட்டில் தூங்கினார்.

கிருபாகரன் சார் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, தக்காளியா? தக்காளிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

மாதேஷ் தலை நிமிர்ந்தார். பிள்ளையின் முதுகில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல, சார், அவங்க எழுதட்டும் என்றார். அந்த அறையில் அவர் அன்றைக்குக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

டீ டம்ளர்கள் காலியாகிவிட்டிருந்தன. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கொலுசு வரைக்கும் எழுதும்போது தாள் முடிந்துவிட்டது, ஓரத்திலும் இடம் இல்லை. அவள் பேனாவைக் கீழே வைக்காமல் இடது கையை நீட்டினாள்.

“இன்னொரு பேப்பர் குடுங்க சார்.”